சதுரத்துக்குள் சாம்பல்

அவரை ஆராய்ச்சி நிலையத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'வெயில் எடைக்காரர்' என்றுதான் சொல்வார்கள். கேலியாக ஆரம்பித்தது, போகப் போக அதுவே நிலைத்துவிட்டது. மனைவியின் அண்ணன், வீட்டுக்கு வரும்போதெல்லாம், "என்ன மாப்பிள்ளை, இன்னைக்கு வெயில் கிலோ என்ன விலை?" என்று கேட்டுவிட்டு அவரே வயிறு குலுங்கச் சிரிப்பார். மற்றவர்கள் சிரிக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

ஆனால் பட்டப்பெயரில் தப்பில்லை. அவர் செய்தது அந்த வேலைதான். ஊருக்கு வெளியே வேலி போட்ட பெரிய புல்வெளி ஒன்று. ஆடு மாடு உள்ளே வரக்கூடாது, கண்டவர் கால் வைக்கக்கூடாது. அதன்மேல் ஆண்டு முழுக்க எவ்வளவு வெயில் விழுகிறது, அதில் எவ்வளவை இலை பிடித்து வைத்துக்கொள்கிறது என்று பார்ப்பது நிலையத்தின் வேலை. வெயிலைத் தராசில் வைக்க முடியாது. வெயில் புல்லான பிறகு வைக்கலாம். அதனால் பருவம் முடிந்ததும் அவர் ஓர் இரும்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். நாலு பக்கமும் ஒரு மீட்டர். அதைத் தரையில் போட்டு, உள்ளே நிற்கிற புல்லை ஒட்ட வெட்டி, பையில் கட்டி, உலர்த்தும் அடுப்புக்கு அனுப்புவார். ஈரமெல்லாம் போய் மிஞ்சுகிற சருகை எடை போட்டால், அதுதான் அந்தச் சதுரம் அந்த ஆண்டு சம்பாதித்த வெயில்.

அந்தச் சம்பாத்தியத்தில்தான் வெட்டுக்கிளி பிழைக்கிறது, முயல் பிழைக்கிறது, முயலைத் தூக்கிக்கொண்டு போகிற பருந்தும் பிழைக்கிறது. உழைக்கிறது இலை மட்டும்தான், மற்றதெல்லாம் உட்கார்ந்து சாப்பிடுகிற கூட்டம். அந்த இலையும் விழுகிற வெயிலில் நூற்றில் ஒரு பங்கைப் பிடித்தாலே பெரிய விஷயம். அந்த ஒரு பங்குக்கு இத்தனை வாய் காத்திருக்கிறது என்பதை நினைத்து அவர் சில நாள் வேலியோரம் நின்று வியந்துகொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து அதையே பேசுவார். மனைவி "ம்" கொட்டிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாள்.

கேட்கிற ஒரே ஆள் மகள்தான். சின்ன வயதில் ஒருநாள், "புல்லு என்னப்பா சாப்பிடும்?" என்று கேட்டாள்.

"காத்தையும் தண்ணியையும் எடுத்து வெயில்ல சமைச்சு சாப்பிடும்."

"அப்ப மண்ணு?"

"அது நாம உப்புப் போட்டுக்கிற மாதிரி. ஒரு சிட்டிகை போதும்."

அன்று மத்தியானம் அவள் வாசற்படியில் சூரியனைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். சாப்பாட்டுத் தட்டோடு வந்த அம்மா, "ஈ போயிடப் போகுது, வாயை மூடுடி" என்றாள். அவர் அன்றைக்கு அடக்க முடியாமல் சிரித்தார்.

வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். கல்லூரிக்குப் போன பிறகும் குட்டிதான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். பிறகு கொஞ்சம் வெளியே உட்காருங்கள் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது. இருபது வருடம் கண்ணுக்குள் வைத்து வளர்த்ததை ஒரு வாரம் கொண்டுபோய்விட்டது, அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தகன நிலையத்தின் முற்றத்தில் அவர் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கரும்புகை எல்லாம் வரவில்லை. உச்சியில் காற்று மட்டும் நெளிந்தது. என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும், அவருடைய தொழிலே அதுதான். புல்லோ மரமோ மனிதரோ, எரிந்தால் பெரும்பங்கு காற்றாகிப் போய்விடும். மிஞ்சுவது எலும்பின் சுண்ணாம்பும் கொஞ்சம் உப்பும். அங்கே கையில் கொடுத்த டப்பாவில் இருந்தது அதுதான், குட்டி இல்லை. ஆனால் அவர் மனைவி அந்த டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தாள். சீட் பெல்ட்டை டப்பாவுக்கும் சேர்த்து இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில் அறிவியல் பேசுகிறவன் மனிதனா? அவர் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு வண்டியை எடுத்தார்.

டப்பாவை என்ன செய்வது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சாவு வீட்டில் யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு அவரிடம் வந்தாள்.

"ஏங்க, உங்க புல்லுல போடலாமா? அங்கதான் யாரும் மிதிக்க மாட்டாங்க."

அந்த வேலிக்குள் சட்டம் பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை காற்றில் பறந்து உள்ளே விழுந்த தன் தொப்பியையே அறுவடைக்காலம் வரை எடுக்காமல் விட்டுவைத்தவர். தொப்பி நனைந்து, காய்ந்து, அதற்குள் எலி குடித்தனம் நடத்தியது. அப்பேர்ப்பட்டவர் மறுபேச்சுப் பேசாமல், "போடலாம்மா" என்றார். யாரிடமும் கேட்கவில்லை. வேலியின் உட்புறம், அளவெடுப்பில் சேராத ஓரப்பகுதி ஒன்று இருந்தது. ஒரு விடுமுறை நாள் காலையில் காதும் காதும் வைத்தாற்போல் இருவரும் அங்கே போனார்கள்.

கோடையின் கடைசி. தரை காய்ந்து, பழைய புல் தாள் தாளாக நின்றது. மனைவி டப்பாவின் மூடியைத் திறந்து உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் கொஞ்சமா வீசிடலாமா? காத்துல போய் எல்லா இடத்துலயும் விழட்டும்."

"வீசினா அப்புறம் எங்கேன்னு தெரியாது" என்றார் அவர்.

அவர் இரும்புச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். அதைத் தரையில் போட்டு, நாலு மூலையிலும் முளை அடித்தார். உள்ளே சாம்பலைக் கொட்டி, உரச் சோதனைக்குச் செய்வதுபோல உள்ளங்கையால் நிரவி, எங்கும் ஒரே கனமாக இருக்கும்படி சமப்படுத்தினார். மறுபடி தேடி வரவேண்டிய எதையும் அவர் வாழ்நாள் முழுக்கச் சதுரத்துக்குள்தான் வைத்திருக்கிறார். வேறு விதமாக வைக்க அவர் கைக்குத் தெரியாது. மனைவி குனிந்து பார்த்து, "படுக்கை விரிச்ச மாதிரி இருக்கு" என்றாள். இருவரும் அழுதார்கள். அவள் சத்தமாக அழுதாள், அவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டு தொண்டைக்குள் அழுதார்.

கிளம்பும்போது அவள் சொன்னாள்: "மழை வரட்டும். பச்சை வந்ததும் என்னைக் கூட்டிட்டு வாங்க."

அதற்குப் பிறகு அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிரோடு இருந்தாள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. குட்டியின் அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருப்பாள். தட்டில் போட்டதில் பாதி அப்படியே இருக்கும். தலை வாரமாட்டாள். கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வரமாட்டாள். அவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் மட்டும் உள்ளிருந்து குரல் வரும்.

"வந்துச்சா?"

"இன்னும் மழையே வரலையே."

மழை வந்தது. நன்றாகவே வந்தது. கொஞ்ச நாளில் புல்வெளி முழுக்கப் பச்சை ஏறிவிட்டது. பழைய தாள்களுக்கு நடுவே புதுக்குருத்துக் குத்திக்கொண்டு நின்றது. வெட்டுக்கிளிக் குஞ்சுகள் வந்தாயிற்று, அதைப் பிடிக்கக் குருவிகளும் வந்தாயிற்று. அவர் நேராக ஓரத்துக்குப் போனார். முளைகள் நாலும் அப்படியே இருந்தன. நடுவில் சதுரம் வெள்ளையாகக் கிடந்தது. சுண்ணாம்பு அடித்த தரைபோல மேலே இறுகி, ஓரத்துப் புல் உள்பக்கமாக மஞ்சளித்துக் கருகியிருந்தது. உள்ளே பெயருக்குக்கூட ஒரு குருத்து இல்லை.

பார்த்த கணமே அவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. விறகுச் சாம்பலை ஒரு கைப்பிடி தூவினால் செடிக்கு உரம். இது விறகுச் சாம்பல் இல்லை. உப்பும் காரமும் கூடியது. மெல்லிசாக வீசியிருந்தால் புல்வெளி அதைத் தின்று செரித்திருக்கும். இடம் தெரியவேண்டும் என்று சட்டத்துக்குள் கொட்டி நிரவினாரே, அந்தக் கனம்தான் புல்லைக் கொன்றது. உலகத்தில் வேறு எந்த அப்பனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். புல்லை அளந்து அளந்தே நரைத்தவன் செய்த தப்பு இது.

அன்று மாலை செருப்பைக் கழற்றியதும் குரல் வந்தது.

"வந்துச்சா?"

"வந்துட்டிருக்கு" என்றார்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அவள் எழுந்து வந்து சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்தாள். போட்டதை முழுக்கச் சாப்பிட்டாள். மறுநாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, குட்டியின் அறை ஜன்னலைத் திறந்துவைத்தாள். ஒரு பொய்க்கு இவ்வளவு பலன் கிடைத்தால் யார்தான் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்? அவரும் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் குருத்து வந்துவிட்டது என்றார். பிறகு விரல் உயரம் என்றார். அவள் நாள் குறித்தாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

அவர் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்துபோய் ஊற்றினார். உப்பு கீழே இறங்கினால் பிழைக்கும் என்று கணக்கு. இறங்கவில்லை. மேலே இறுகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு நல்ல மண் போடலாம், நேற்று வேலைக்குச் சேர்ந்தவனும் அதைத்தான் சொல்வான். சுரண்டி எடுத்து எங்கே போடுவது? அவர் சுரண்டியை எடுத்துக்கொண்டு போய், சதுரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்படியே எழுந்து வந்தார்.

உலர்த்தும் அடுப்பைக் கவனித்துக்கொள்கிறவர் அவருக்குப் பல வருடப் பழக்கம். அண்ணே அண்ணே என்று உரிமையோடு பேசுவார். சனிக்கிழமை அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அலுவலகக் கட்டடத்துக்குப் பின்னால் தழைத்துக் கிடந்த புல்லை மண்ணோடு பெயர்த்து அந்தச் சதுரத்தின்மேல் விரிக்கவேண்டும், தனியாளாக முடியாது.

"அண்ணே, இது ஒட்டாதுண்ணே. அடியில உப்பு. வேரு கீழ இறங்காது. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"ஒருநாளைக்கு இருந்தா போதும்."

"அண்ணிக்குத் தெரிஞ்சா?"

அடுப்புக்காரர் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். இருவரும் புல்லைப் பாய்போல வெட்டி, பலகையில் வைத்துச் சுமந்து, சதுரத்தின்மேல் பதித்து, ஓரங்களைக் கையால் அழுத்தித் தண்ணீர் தெளித்தார்கள். தூரத்தில் நின்று பார்த்தார்கள். பக்கத்துப் புல்லைவிட ஒரு மாற்று அதிகமாகவே பச்சையாக இருந்தது. "அசல் மாதிரியே இருக்குண்ணே" என்றார் அடுப்புக்காரர். அதைச் சொல்லிவிட்டு அவரே தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி, குட்டி வாங்கிக் கொடுத்த நீல உடையைப் போட்டுக்கொண்டு வந்தாள். வேலிக் கதவில் ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு நாலு முளைகளையும் பார்த்துவிட்டு விறுவிறுவென்று நடந்துபோய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் புல்லின்மேல் வைத்தாள்.

"எவ்ளோ மெத்துன்னு இருக்கு பாருங்க."

"ம்."

"பக்கத்துல இருக்கிறதைவிட இது நல்லா வளர்ந்திருக்கு. எதுலயும் அவளுக்கு அவசரம்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து வந்த சிரிப்பு. அவர் திருட்டுப்பொருளைக் கையில் வைத்திருப்பவன்போல நின்றார். சின்ன வெட்டுக்கிளி ஒன்று தாவி வந்து ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு கடிக்க ஆரம்பித்தது. அவர் விரட்டக் கையை நீட்டினார். அவள் தடுத்தாள்.

"சாப்பிடட்டும் விடுங்க. பசி போல." கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய அது தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் குட்டியால ஒரு ஜீவனுக்குப் பசி ஆறுதுன்னா நல்லதுதானே."

அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஒரே ஒரு தாள் எடுத்துக்கட்டுமா? அவ ரூம்ல வைக்கணும்" என்று கேட்டுக்கொண்டே அவள் ஓரமாக ஒன்றைப் பிடித்து இழுத்தாள். அவர் "வேண்டாம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள், ஒரு தாளுக்குப் பதிலாக மூலையே கையோடு வந்தது. போர்வையைத் தூக்கினாற்போல் புல் மண்ணோடு மேலே எழுந்தது. அடியில் வேர்கள் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் மடிந்து கிடந்தன. அதற்கும் அடியில் வெள்ளை.

அவள் கத்தவில்லை. மூலையை மெதுவாகக் கீழே வைத்தாள். மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

"இது என்னங்க?"

வாயில் இரண்டு பொய் தயாராக இருந்தது. இரண்டும் வெளியே வரவில்லை.

"நான் வெட்டிட்டு வந்து வெச்சது. ஆபீஸுக்குப் பின்னால இருந்து."

"அப்ப குட்டி?"

"புல்லு வரலம்மா. நான் ஒரே இடத்துல கொட்டிட்டேன். உப்பு அதிகமாகி எல்லாம் கருகிப்போச்சு. நீ சொன்ன மாதிரி வீசியிருந்தா வந்திருக்கும். நான்தான் வேணாம்னேன்."

அவள் வெள்ளைத் தரையையே பார்த்தாள். அதை அவரால் தாங்க முடியவில்லை. படித்தவர்கள் வசமாக மாட்டிக்கொண்டால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார், விளக்க ஆரம்பித்தார். தகன நிலையத்தில் விழுங்கியதெல்லாம் இப்போது வெளியே வந்தது.

"இங்க இருக்கிறது அவ இல்லம்மா. வெறும் சுண்ணாம்பு. அவ அன்னைக்கே காத்துல போயிட்டா. நான் பார்த்துட்டே நின்னேன். புல்லு மண்ணுல இருந்து வளர்றது இல்ல, காத்துல இருந்துதான் வளருது. இலை காத்தை இழுத்து வெயிலை வெச்சு உடம்பாக்கிக்கும். இத்தனை மாசத்துல அந்தக் காத்து எங்கெங்கயோ போயிருக்கும். இந்த வேலிக்குள்ள இருக்கிற எந்தப் புல்லுலயும் அவ இருக்கலாம். நம்ம வீட்டு ஜன்னல் பக்கத்து மரத்துல இருக்கலாம். அதை ஒரு புழு தின்னுருக்கும், புழுவை ஒரு குருவி தின்னுருக்கும். அவ எங்கயும் போகலம்மா. எல்லா இடத்துலயும் இருக்கா."

மூச்சு வாங்கியது. இதைத் தனக்குத்தானே அவர் எத்தனை முறை சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. வேலைக்கு நடக்கும்போதும், வேலியோரம் நிற்கும்போதும், படுத்துத் தூக்கம் வராதபோதும் இதைச் சொல்லித்தான் நாளைத் தள்ளியிருந்தார்.

"எந்த இலை?" என்று கேட்டாள் அவள்.

"அது... அப்படிச் சொல்ல முடியாதும்மா."

"எல்லா இடத்துலயும் இருக்கான்னா எங்கயும் இல்லன்னுதானே அர்த்தம்?"

வாழ்நாள் முழுக்க வெயிலை எடை போட்டவர் அப்படியே ஈரப்புல்லில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தைரியம் சொன்னவர், சாம்பலைக் கொட்டிய அன்று தொண்டைக்குள் அழுதவர், இப்போது வாய்விட்டு அழுதார். "என் குட்டி, என் குட்டி" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவருடைய அழுகையில் பக்கத்திலிருந்த குருவிகள் எழுந்து பறந்தன.

அவள் அவரைத் தேற்றவில்லை. அழ விட்டுவிட்டு, பதித்த புல்லின் ஓரத்தைப் பிடித்து உருட்ட ஆரம்பித்தாள். ஈரமண் கனத்தது, அவளால் தனியாக முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் இன்னொரு பக்கத்தைப் பிடித்தார். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு வெளியே போய் வைத்துவிட்டு வந்தார்கள். வந்தபின் அவள் மண்டியிட்டு, சதுரத்தின்மேல் ஒட்டியிருந்த செம்மண் துணுக்குகளை விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். அவரும் மறுபக்கம் உட்கார்ந்து பொறுக்கினார். சுத்தமானதும் அவள் நிமிர்ந்தாள்.

"இது இப்படியே இருக்கட்டும். நம்ம வீடும் இப்படித்தானே இருக்கு."

இன்னொரு பொய் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை.

"இப்படியே இருக்காதும்மா. மழை கழுவக் கழுவ உப்பு இறங்கிடும். ஓரத்துல இருந்து புல்லு கொஞ்சம் கொஞ்சமா உள்ள வந்துடும். ரெண்டு மூணு வருஷம் ஆகும். ஆனா மூடிடும்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

அவள் மஞ்சளித்துக் கிடந்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"வந்தா வரட்டும்" என்றாள். "நீங்க கொண்டுவந்து வைக்காதீங்க."